யான் சிகோல்ட்: முன்னோடிக் கலைக்கும் அச்சுத் தொழிலாளர் சங்கத்துக்கும் நடுவே

யான் சிகோல்ட் (ஏப்ரல் 2, 1902 – ஆகஸ்ட் 11, 1974) ஜெர்மனியில் பிறந்த அச்செழுத்துக் கலைஞர், நூல் வடிவமைப்பாளர், ஆசிரியர். இருபதாம் நூற்றாண்டின் அச்சுப் பக்கம் இன்றைய தோற்றத்தைப் பெற்றதில் பெரும்பங்கு வகித்தவர். அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. இளமையில் மரபை உடைத்தெறிந்த புரட்சிக்காரர், நடுவயதில் மனம் மாறி மரபுக்குத் திரும்பினார் என்பது அந்தக் கதை. இரண்டு சிகோல்டுகள் இருந்ததாகவும், அவர்களில் எவர் உண்மையானவர் என்றும் வடிவமைப்பு மாணவர்கள் இன்றும் வாதிடுவதுண்டு.

இந்தக் கதை கலை வரலாற்றின் பக்கத்திலிருந்து மட்டும் சொல்லப்படுவது. சிகோல்டின் முக்கியமான இளமைக்கால எழுத்துகள் வெளிவந்தது ஓவியர்களின் இதழ்களில் அல்ல, அச்சுத் தொழிலாளர் இயக்கத்தின் இதழில். அவருடைய புகழ்பெற்ற நூலை வெளியிட்டதும் தொழிலாளர்களின் கல்வி அமைப்புதான். யாருக்காக எழுதினார் என்ற கேள்வியை முன்வைத்துப் பார்த்தால் அவருடைய வாழ்க்கையின் இரு பாதிகளும் வேறுவிதமாகப் பொருள்படுகின்றன.

எழுத்தை எண்ணிக் கூலி வாங்கியவர்கள்

சிகோல்ட் பிறந்த லைப்சிக் நகரம் ஜெர்மானியப் புத்தகத் தொழிலின் தலைநகரம். பதிப்பகங்கள், அச்சகங்கள், எழுத்து வார்ப்பகங்கள், கட்டுமானக் கூடங்கள் எல்லாம் அங்கே குவிந்திருந்தன. அதனாலேயே அச்சுத் தொழிலாளர் இயக்கமும் அங்கே வேரூன்றியது. 1865-ல் லைப்சிக்கின் அச்சுக் கோப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோத்த ஆயிரம் எழுத்துக்கு மூன்று குரோஷன் கூலி வேண்டும் என்பது கோரிக்கை. அதனால் அது ‘மூன்று குரோஷன் வேலைநிறுத்தம்’ என்றே பெயர் பெற்றது. மறு ஆண்டு, 1866-ல், அதே நகரில் ஜெர்மானிய அச்சுத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1873-ல் அந்தச் சங்கம் நாடு முழுவதற்குமான கூலி ஒப்பந்தத்தை முதலாளிகளுடன் செய்துகொண்டது. ஜெர்மனியில் ஒரு தொழில் முழுவதையும் தழுவிய முதல் கூட்டு ஒப்பந்தம் அது.

இந்தப் பின்னணி அச்செழுத்துக் கலைக்கு வெளியே உள்ள செய்தி போலத் தோன்றலாம். ஆனால் அச்சுக் கோப்பவருக்கு எழுத்து என்பது முதலில் கூலியின் அளவை. ஈய எழுத்துகளை அறைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோல்தட்டில் அடுக்கி, சொற்களுக்கு நடுவே இடைவெளிக் கட்டைகளைச் செருகி, வரியை இறுக்கி முடிப்பது அவருடைய வேலை. பக்கத்தில் வெற்றிடமாகத் தெரியும் ஒவ்வொரு பகுதியிலும் ஈயம் நிரம்பியிருக்கும். அதை நிரப்புவதும் உழைப்புதான். பக்கத்தின் அழகைப் பற்றிய எந்தக் கொள்கையும் இறுதியில் அவருடைய கை அசைவுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதாகவோ குறைப்பதாகவோ அமையும்.

அச்சுத் தொழிலாளர்கள் மற்றத் தொழிலாளர்களைவிடக் கூடுதலாக வாசிப்பவர்கள் என்ற பெயரும் அவர்களுக்கு இருந்தது. வாசிக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. எனவே கூலிப் போராட்டத்துடன் தொழிற்கல்வியும் இயக்கத்தின் பணியானது. ‘ஜெர்மானிய அச்சுத் தொழிலாளர் கல்விச் சங்கம்’ ‘டைப்போகிராஃபிஷே மிட்டைலுங்கன்’ என்ற மாத இதழை நடத்தியது. புருனோ டிரெஸ்லரின் முன்முயற்சியில் அதே அமைப்பு 1924-ல் லைப்சிக்கில் ‘பூஷர்கில்டே குட்டன்பெர்க்’ என்ற புத்தகக் கழகத்தைத் தொடங்கியது. நல்ல நூல்களை நல்ல அச்சில், தொழிலாளரின் வருமானத்துக்கு எட்டும் விலையில் கொடுப்பது அதன் நோக்கம். தாய்ச் சங்கம் பெர்லினில் தன் தலைமையகத்தைக் கட்ட அழைத்தது மாக்ஸ் டாவுட் என்ற நவீனக் கட்டடக் கலைஞரை. சிற்பங்களைச் செய்தவர் ருடால்ஃப் பெல்லிங். நவீனக் கலை தொழிற்சங்கத்தின் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கவில்லை.

கையெழுத்துக் கலைஞரின் திருப்பம்

சிகோல்டின் தந்தை விளம்பரப் பலகை எழுதுபவர். எழுத்தின் வடிவத்தைச் சிறுவயதிலேயே வீட்டில் பார்த்து வளர்ந்தார். ஓவியராக விரும்பிய அவரை ஓவிய ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து விலகி லைப்சிக் வரைகலைக் கழகத்தில் சேர்ந்து எழுத்தெழுதும் கலையைக் கற்றார். எட்வர்ட் ஜான்ஸ்டனின் எழுத்துக்கலை நூலையும் ருடால்ஃப் வான் லாரிஷின் நூலையும் ஊன்றிப் படித்தார். 1921-ல் மாலை வகுப்புகளில் எழுத்துக்கலை கற்பிக்கும் அளவுக்குத் தேர்ந்துவிட்டார். லைப்சிக் வணிகக் கண்காட்சிக்காகக் கையெழுத்தில் ஏராளமான விளம்பரங்களை எழுதினார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிகோல்ட் அச்சுக் கோப்பவராகத் தொழில் பயின்றவர் அல்லர். அச்சகத்துக்குள் எழுத்துக் கலைஞராக நுழைந்தவர். கோப்பவர்களுக்கு நெருக்கமாக இருந்தார், அவர்களில் ஒருவராக இருக்கவில்லை. அவருடைய பலமும் சிக்கலும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றன.

1923-ல், இருபத்தொரு வயதில், வைமாரில் நடந்த பாவ்ஹவுஸ் கண்காட்சியைப் பார்த்தார். அது அவரை அடியோடு மாற்றியது. லாஸ்லோ மொஹோலி-நாகியும் எல் லிசிட்ஸ்கியும் அவருக்குப் புதிய உலகைத் திறந்தார்கள். ரஷ்யக் கட்டுமானவாதத்தின் மீது ஏற்பட்ட ஈர்ப்பில் தன் பெயரையே இவான் என மாற்றிக்கொண்டார்.

சங்க இதழில் ஒரு கலை அறிக்கை

1925 அக்டோபரில் ‘டைப்போகிராஃபிஷே மிட்டைலுங்கன்’ சிறப்பிதழ் ஒன்றை வெளியிட்டது. தலைப்பு ‘எலெமென்டாரே டைப்போகிராஃபி’, அதாவது அடிப்படை அச்சுக்கலை. தொகுத்தவர் இவான் சிகோல்ட். கறுப்பும் சிவப்புமாக அச்சிடப்பட்ட அந்த இதழில் லிசிட்ஸ்கி, மொஹோலி-நாகி, ஹெர்பர்ட் பேயர், மாக்ஸ் புர்ஹார்ட்ஸ் முதலியோரின் பணிகள் இடம்பெற்றன. சிகோல்ட் தன் கொள்கையைப் பத்துக் கூறுகளாக எழுதியிருந்தார். அச்சின் நோக்கம் செய்தியைச் சேர்ப்பது. அதற்கு மிகச் சுருக்கமான, மிக எளிய, மிக அழுத்தமான வடிவம் வேண்டும். அலங்காரம் வேண்டாம். எழுத்தின் அடிப்படை வடிவம் கொடுக்கு இல்லாத நேர்க்கோட்டு எழுத்து. அச்சிடப்படாத வெற்றிடமும் வடிவத்தின் பகுதி.

இந்த இதழின் சிறப்பு அதில் என்ன இருந்தது என்பதைவிட அது யார் கைக்குப் போனது என்பதில் இருக்கிறது. அதுவரை புதிய அச்சுக்கலை பற்றிய சிந்தனைகள் கலைஞர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட சிறுபத்திரிகைகளிலும் துண்டறிக்கைகளிலும் உலவின. இப்போது அவை கூரிய ஃபிராக்டூர் எழுத்திலும் நடுவாக்கிய தலைப்புகளிலும் பூவேலைக் கரைகளிலும் கை பழகிய ஆயிரக்கணக்கான கோப்பவர்களின் மேசைக்கு வந்தன. வரவேற்பும் எதிர்ப்பும் சேர்ந்தே எழுந்தன.

தொழிலாளர்களுக்கு இந்த வடிவத்தைக் கொண்டுவந்தபோது சிகோல்ட் ஒரு சமரசமும் செய்தார். கட்டுமானவாதிகளின் வேலைத்திட்டத்தை அவ்விதழில் சேர்த்தவர், அதன் வெளிப்படையான கம்யூனிச அரசியல் சொற்களை மட்டுப்படுத்தியே கொடுத்தார். மாஸ்கோவில் சமூகத்தை மாற்றும் திட்டமாக எழுதப்பட்டது லைப்சிக்கில் பக்கத்தை மாற்றும் திட்டமாக வந்து சேர்ந்தது. இது அச்சமா, வாசகரை அறிந்த நிதானமா என்று இரண்டு வகையிலும் வாதிடலாம். ஆனால் விளைவு தெளிவு. அரசியலைக் குறைத்ததால் வடிவம் தொழிலுக்குள் எளிதாக நுழைந்தது. பின்னாளில் அதே வடிவம் அரசியலே இல்லாமல் வணிக விளம்பரத்துக்கும் எளிதாகப் பயன்பட்டது.

‘புதிய அச்சுக்கலை’

1926-ல் பால் ரென்னரின் அழைப்பில் சிகோல்ட் மியூனிக்கிற்குக் கற்பிக்கச் சென்றார். இவான் என்ற ரஷ்யப் பெயர் அந்நகரில் வேலைக்கு இடையூறாக இருக்கும் என்பதால் யான் ஆனார். மியூனிக்கின் ஃபீபஸ்-பாலஸ்ட் திரையரங்குக்கு அவர் 1927-ல் செய்த சுவரொட்டிகள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. குர்ட் ஷ்விட்டர்ஸ் உருவாக்கிய ‘புதிய விளம்பர வடிவமைப்பாளர் வட்ட’த்திலும் அவர் இருந்தார்.

1928-ல் ‘டீ நாயே டைப்போகிராஃபி’ (புதிய அச்சுக்கலை) வெளிவந்தது. பதிப்பாளர், மீண்டும் அச்சுத் தொழிலாளர் கல்விச் சங்கம். முதல் பகுதி புதிய கலையின் வரலாறு. இரண்டாம் பகுதி கடிதத்தாள், உறை, அஞ்சலட்டை, விளம்பரம், சுவரொட்டி, நூல் ஆகியவற்றை எப்படிக் கோப்பது என்னும் கைந்நூல். 1922-ல் தரப்படுத்தப்பட்ட தாள் அளவுகளை அது விரிவாக விளக்குகிறது. இன்று உலகம் முழுவதும் ஏ4 என்று வழங்கும் தாள் அந்த அளவுமுறையில் வந்ததே. மாண்ட்ரியானின் ஓவியத்தையும் வணிக உறையில் முகவரிக்கான இடத்தையும் ஒரே நூலில் ஒரே அக்கறையுடன் பேசியது அன்று அரிய செயல்.

சமச்சீரான, நடுவாக்கிய பக்கத்தை சிகோல்ட் எதிர்த்ததற்கு அழகியல் காரணம் மட்டும் இருக்கவில்லை. நடுவாக்கிய வரியில் உள்ளடக்கம் முன்கூட்டியே முடிவான ஓர் உருவத்துக்குள் திணிக்கப்படுகிறது என்பது அவர் வாதம். இடப்பக்கம் தொடங்கி, பொருளுக்கு ஏற்ப நீண்டும் குறுகியும் செல்லும் வரியில் உருவம் உள்ளடக்கத்திலிருந்து வருகிறது. கோப்பவரின் கைக்கும் இதில் வேறுபாடு உண்டு. நடுவாக்கிய வரிக்கு இரு பக்கமும் சமமாகக் கட்டைகளைக் கணக்கிட்டு இட வேண்டும். இடப்பக்கம் ஒட்டிய வரிக்கு ஒரு பக்கம் நிரப்பினால் போதும்.

நூலில் கவனிக்க வேண்டிய இன்னொரு பகுதி எழுத்துருக்களைப் பற்றியது. கொடுக்கில்லாத எழுத்துகளில் எதுவும் தனக்கு முழு நிறைவு தரவில்லை என்கிறார். கலைஞரின் தனி முத்திரை விழுந்த புதிய எழுத்துருக்களைவிட, எல்லா அச்சகத்திலும் சில்லறை வேலைக்குக் கிடக்கும் பெயரற்ற பழைய எழுத்தே மேல் என்று கருதுகிறார். தேவையான எழுத்தைத் தனி ஒருவர் உருவாக்க முடியாது, பலர் சேர்ந்த குழுவே உருவாக்க வேண்டும், அதில் பொறியாளரும் இருக்க வேண்டும் என்கிறார். மேதையின் இடத்தில் கூட்டு உழைப்பை வைக்கும் இந்தக் கருத்து, சங்கத்தின் பதிப்பில் வந்தது பொருத்தமே.

நூலுக்குள் இருந்த முரண்

ஆனால் இதே நூல் ஓர் அபாயத்தையும் சுமந்திருந்தது. பழைய முறையில் தலைப்புப் பக்கத்தை எப்படி அமைப்பது என்பது கோப்பவரின் முடிவு. நடுவாக்குதல் என்ற வழக்கம் அவர் கையில் இருந்தது. முதலாளியோ நூலாசிரியரோ வரைபடம் கொடுக்கத் தேவையில்லை. சமச்சீரற்ற பக்கத்தில் அப்படிப்பட்ட பொது வழக்கம் இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாக முடிவெடுக்க வேண்டும். முடிவெடுக்கத் தேர்ந்த கண் வேண்டும். அந்தக் கண் கோப்பவரிடம் இல்லையெனில் வெளியிலிருந்து ஒருவர் வரைந்து கொடுக்க வேண்டும். அவர்தான் வடிவமைப்பாளர் என்ற புதிய தொழிலர்.

தொழிலாளருக்குக் கலையைக் கொண்டுவர முயன்ற இயக்கம், தொழிலாளரிடமிருந்து முடிவெடுக்கும் உரிமையைப் பிரித்தெடுக்கும் தொழில் பிரிவினைக்கும் வழி திறந்தது. சிகோல்ட் இதை முற்றிலும் உணராமல் இருந்தார் என்று சொல்ல முடியாது. 1931-ல் அவர் எழுதிய நூலின் பெயர் ‘ஷ்ரிஃப்ட்ஷ்ரைபன் ஃப்யூர் செட்ஸர்’, கோப்பவர்களுக்கான எழுத்துப் பயிற்சி. மறு ஆண்டு பக்க வரைவு செய்யும் முறையைப் பற்றி ஒரு கைந்நூல் எழுதினார். வரைவதைத் தனித்தொழிலாக விடாமல் கோப்பவரின் கையிலேயே சேர்க்கும் முயற்சியாக இவற்றை வாசிக்கலாம். கல்விச் சங்கத்தின் அடிப்படை நம்பிக்கையும் இதுவே. திறன் தொழிலாளியிடம் இருக்கும்வரை பேரம் பேசும் வலிமையும் அவரிடம் இருக்கும்.

1933

அந்த முயற்சிக்குக் காலம் கிடைக்கவில்லை. நாஜிகள் ஆட்சிக்கு வந்த சில வாரங்களில் சிகோல்ட் ‘கலாச்சார போல்ஷெவிக்’ எனக் குற்றம்சாட்டப்பட்டுக் கைதானார். ரென்னரும் கைது செய்யப்பட்டுப் பதவியை இழந்தார். 1933 மே 2 அன்று ஜெர்மனி முழுவதும் தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன. அச்சுத் தொழிலாளர் சங்கமும் அதன் கல்வி அமைப்பும் புத்தகக் கழகமும் பறிபோயின. டிரெஸ்லர் சுவிட்சர்லாந்துக்குச் சென்று ஜூரிச்சில் புத்தகக் கழகத்தைத் தொடர்ந்து நடத்தினார். சிகோல்ட் சில வாரச் சிறைவாசத்துக்குப் பின் விடுதலையாகி, மனைவி எடித்துடனும் சிறு மகனுடனும் பாசல் நகருக்குச் சென்றார்.

இடம்பெயர்ந்ததில் அவர் இழந்தது வேலையை மட்டுமல்ல, வாசகர்களையும்தான். அவருடைய சொற்களை மாதந்தோறும் அச்சகங்களுக்குக் கொண்டுசேர்த்த அமைப்பு அழிந்துவிட்டது. 1935-ல் பாசலில் வெளிவந்த ‘டைப்போகிராஃபிஷே கெஷ்டால்டுங்’ நூலில் தொனி தணிந்திருக்கிறது. கொடுக்குள்ள எழுத்துகளுக்கும் இடம் கிடைக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் நூல்களைச் சமச்சீராக அமைக்கத் தொடங்கினார்.

பில்லுடன் நடந்த விவாதம்

1945 டிசம்பரில் ஜூரிச்சில் ஆற்றிய உரையில் சிகோல்ட் தன் பழைய கொள்கையிலிருந்து விலகுவதை வெளிப்படையாகச் சொன்னார். பாவ்ஹவுஸில் பயின்ற மாக்ஸ் பில் 1946-ல் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். போர் முடிந்த வேளையில் மரபுக்குத் திரும்புவது பிற்போக்கு என்பது பில்லின் குற்றச்சாட்டு. ‘கிளாவுபே உண்ட் விர்க்லிஷ்கைட்’ (நம்பிக்கையும் நடப்பும்) என்ற கட்டுரையில் சிகோல்ட் பதிலளித்தார்.

அந்தப் பதிலில் அதிகம் பேசப்படுவது ஒரு வாதம். புதிய அச்சுக்கலையின் சகிப்பின்மையும் முழுமுற்றான ஒழுங்கின் மீதான விருப்பமும் ஹிட்லரைக் கொண்டுவந்த ஜெர்மானிய மனப்போக்குக்கு உறவானவை என்றார் சிகோல்ட். இது அவருடைய வாதங்களில் மிகப் பலவீனமானது. புதிய அச்சுக்கலையை வெளியிட்ட அமைப்பை அழித்தவர்கள் நாஜிகள். அதைக் கற்பித்தவர்களைச் சிறையிட்டவர்களும் அவர்களே. எழுத்து வடிவத்துக்கும் அரசியலுக்கும் நேர்க்கோடு போட முடியாது என்பதற்கு நாஜிகளின் நடத்தையே சான்று. முதலில் ஃபிராக்டூரை ஜெர்மானிய எழுத்து என்று கொண்டாடிய அவர்கள், 1941 ஜனவரியில் அதை யூத எழுத்து என்று சொல்லி விலக்கினார்கள். தன்னைத் துரத்தியவர்களின் சாயலைத் தன் இளமையிலேயே கண்டது ஓர் அகதியின் கடுமையான தற்சோதனையாக இருக்கலாம். வரலாற்று விளக்கமாக அது நிற்காது.

குறைவாகப் பேசப்படும் இன்னொரு வாதம் அதே கட்டுரையில் இருக்கிறது. இயந்திர உற்பத்தி தொழிலாளியின் வேலையிலிருந்து அனுபவத்தின் நிறைவைப் பெருமளவு பறித்துவிட்டது, அதைப் பீடத்தில் ஏற்றுவது தவறு என்றார் சிகோல்ட். பில் இயந்திர யுகத்தின் வடிவத்தைப் பற்றிப் பேசினார். சிகோல்ட் அந்த யுகத்தில் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவரைப் பற்றிக் கேட்டார். 1928-ல் தரப்படுத்தலையும் இயந்திரத்தையும் தொழிலாளியின் பக்கம் நிற்பவையாக நம்பியவர், 1946-ல் அந்த நம்பிக்கையைக் கைவிட்டார். ஆனால் தொழிலாளியைப் பற்றிய கேள்வியைக் கைவிடவில்லை. மனமாற்றம் என்று சொல்லப்படுவதன் நடுவில் மாறாமல் இருந்தது இது.

பெங்குவின் நிறுவனத்தில்

1947 முதல் 1949 வரை லண்டனில் பெங்குவின் நூல்களின் வடிவமைப்புக்கு சிகோல்ட் பொறுப்பேற்றார். மலிவு விலை நூல் என்பதால் அழகு குறைய வேண்டியதில்லை என்பது பூஷர்கில்டேயின் கொள்கை. 1925-ல் அந்தக் கழகத்துக்காக காலின் ராஸின் பயண நூலை வடிவமைத்த சிகோல்டுக்கு அது புதிதல்ல. பெங்குவினில் நான்கு பக்க அளவில் ஒரு கோப்பு விதிமுறையை எழுதினார். சொல்லிடைவெளி எவ்வளவு, பத்தித் தொடக்கம் எப்படி, நிறுத்தக் குறிகள், மேற்கோள் குறிகள், அடிக்குறிப்புகள் எப்படி என எல்லாம் அதில் உண்டு. பல அச்சகங்களில் கோக்கப்பட்ட நூல்களுக்கு அது ஒரே தரத்தைக் கொடுத்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூல்கள் அவருடைய மேற்பார்வையில் வந்தன.

இங்கே அவருக்கு ஏற்பட்ட அனுபவம் பழைய முரணைத் திரும்பக் காட்டுகிறது. தலைப்புப் பக்கத்தின் பேரெழுத்துகளுக்கு நடுவே அளவுகோல் கணக்கில் அல்லாமல் கண்ணுக்குச் சமமாகத் தெரியும்படி இடைவெளி விட வேண்டும் என்பதைச் சொல்லிச் சொல்லிச் சலித்து, அந்த அறிவுரையை ரப்பர் முத்திரையாகவே செய்துகொண்டார். ஒவ்வொரு மெய்ப்பிலும் அதைக் குத்தி அனுப்பியும் கோப்பவர்கள் பொருட்படுத்தவில்லை என்று பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார். லைப்சிக்கில் கோப்பவர்களுக்கு அவர் எழுதியது அவர்களுடைய இதழில், விவாதத்துக்குத் திறந்த கட்டுரையாக. லண்டனில் அவர் அனுப்பியது மேலிருந்து வந்த கட்டளை. சொன்ன செய்தி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். நடுவே இருந்த சங்கம் இல்லாமல் போனபோது கல்வி, கட்டளையாகச் சுருங்கிவிட்டது.

சபோன்

சிகோல்டின் கடைசிப் பெரும்பணி 1967-ல் வெளிவந்த சபோன் எழுத்துரு. ஜெர்மானிய அச்சக உரிமையாளர்கள் கேட்டது கடினமான ஒன்று. கையால் கோக்கும் ஈய எழுத்து, லினோடைப் இயந்திரம், மோனோடைப் இயந்திரம் ஆகிய மூன்றிலும் வேறுபாடு தெரியாதபடி ஒரே எழுத்து அமைய வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எழுத்தின் அகலத்தில் தனித்தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அவை எல்லாவற்றுக்கும் பொருந்தி, பதினாறாம் நூற்றாண்டின் கராமோன் எழுத்தின் சாயலில் சபோன் அமைந்தது. பல தொழில்நுட்பங்களின் தேவைக்குத் தன்னை ஒடுக்கிக்கொண்ட, ஆசிரியரின் முத்திரை முன்நிற்காத எழுத்து அது. பொறியாளரும் சேர்ந்த குழுவின் எழுத்து வேண்டும் என்று 1928-ல் கேட்டவர், வடிவத்தில் அதற்கு நேர் எதிரான ஒன்றைச் செய்து நோக்கத்தில் அதை எட்டினார் எனலாம்.

மதிப்பீடு

சிகோல்ட் தொழிற்சங்கத் தலைவரோ அமைப்பாளரோ அல்லர். முன்னோடிக் கலையிலும் அவர் முதல்வர் அல்லர். லிசிட்ஸ்கியும் மொஹோலி-நாகியும் கண்டுபிடித்ததை அவர் முறைப்படுத்தினார். இரண்டுக்கும் நடுவே நின்று ஒன்றின் மொழியை மற்றதன் மொழியில் சொன்னது அவருடைய தனிப்பங்கு. பாவ்ஹவுஸின் பெயர் உலகெங்கும் அறியப்பட்டிருக்கிறது. ஆனால் புதிய அச்சுக்கலையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அச்சகத்துக்குக் கொண்டுசென்ற சந்தாதாரர்கள், மாலை வகுப்பு மாணவர்கள், சங்கக் கிளைகள் பற்றிக் கலை வரலாறுகள் பெரும்பாலும் பேசுவதில்லை.

அவருடைய வரம்புகளும் தெளிவானவை. தன் இளமைக் கருத்தை எவ்வளவு தீர்ப்பாகச் சொன்னாரோ அவ்வளவு தீர்ப்பாகவே பின்னர் அதை மறுத்தார். அரசியலை நீக்கிய வடிவத்தைத் தொழிலாளரிடம் கொண்டுசேர்த்தபோது, அந்த வடிவம் வேறு எவருக்கும் பயன்படும் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கோப்பவரின் திறனை உயர்த்த விரும்பியவர், கோப்பவர் மறுத்தபோது முத்திரை குத்தினார்.

ஈயக் கோப்பு மறைந்து, அச்சுக் கோப்பவர் என்ற தொழிலே இன்று பெரும்பாலும் இல்லாமல் போய்விட்டது. கணினியில் தட்டச்சு செய்யும் எவரும் எழுத்துருவையும் இடைவெளியையும் தாமே முடிவு செய்கிறார்கள். அந்த முடிவுகளில் பெரும்பகுதியை மென்பொருள் முன்னரே எடுத்து வைத்திருக்கிறது. இடப்பக்கம் ஒட்டிய வரி, கொடுக்கில்லாத எழுத்து, ஏ4 தாள் என்று அவை 1928-ல் ஒரு தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட நூலின் பரிந்துரைகளை ஒத்திருக்கின்றன. பரிந்துரைகள் வென்றுவிட்டன. அவற்றை விவாதித்து, கற்று, ஏற்கவோ மறுக்கவோ தொழில் செய்பவருக்கு ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் வெல்லவில்லை. சிகோல்டை மறுபடி வாசிக்க அதுவே வலுவான காரணம்.